காயின் ரெடி, நெட்வொர்க் எங்க?

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், சொந்தமா ஒரு கிரிப்டோ நெட்வொர்க் ஆரம்பிக்கணும். பிட்காயின் கோட் ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி லைசென்ஸ், எடுத்து பேரை மாத்தினா யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கோட் எழுதி முடிச்ச அப்புறம் வர்ற வேலை பத்தி யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்ல போல, கேள்விகளைப் பார்த்தாலே தெரியுது. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: அண்ணா, பிட்காயின் கோடை ஃபோர்க் பண்ணி பேரு, லோகோ, பிளாக் டைம் (ட்ரான்சாக்‌ஷன் கட்டு ஒண்ணொண்ணும் வர்ற இடைவெளி) எல்லாம் மாத்திட்டேன். என் லேப்டாப்பும் ஃப்ரெண்டு லேப்டாப்பும் ஐபி அட்ரஸ் கையால போட்டா கனெக்ட் ஆகுது, பிளாக்கும் வருது. ஆனா வேற ஒருத்தர் இன்ஸ்டால் பண்ணா "0 கனெக்‌ஷன்"னு அப்படியே நிக்குது. எங்க தப்பு?

கோட்ல தப்பு இல்ல தம்பி, உங்க நெட்வொர்க்குக்கு வாசல் இல்ல. புதுசா இன்ஸ்டால் ஆன ஒரு நோடுக்கு (இந்த சாஃப்ட்வேர் ஓடுற மெஷின்) உலகத்துல யாரையும் தெரியாது. முதல் ஆளை யாராவது காட்டணும். அந்த ஒரு ஆளைப் பிடிச்சுட்டா போதும், அவர் தனக்குத் தெரிஞ்ச அட்ரஸ்களைக் கொடுப்பாரு, அதை நோடு டிஸ்க்ல சேவ் பண்ணி வச்சுக்கும், அடுத்த தடவை ஆன் பண்ணும்போது பெரும்பாலும் அதுலேர்ந்தே வேலை நடந்துடும். பிரச்சனை அந்த முதல் தடவைதான்.

2009-ல பிட்காயின் இதுக்கு ஐஆர்சி சாட்டை யூஸ் பண்ணுச்சு, ஒவ்வொரு நோடும் ஒரு சேனல்ல போய் உக்காந்துக்கும், நிக்நேம்லயே தன்னோட ஐபியை ஒளிச்சு வச்சிருக்கும், மத்த நோடுகள் அந்தப் பேரைப் படிச்சு கனெக்ட் பண்ணிக்கும். 2011 வாக்குல டிஎன்எஸ் சீட் வந்துச்சு, அப்புறம் ஐஆர்சியை மொத்தமா தூக்கிட்டாங்க. டிஎன்எஸ் சீட்னா ஒண்ணும் பெரிய மந்திரம் இல்ல, ஒரு டொமைன் பேரை கேட்டா இப்போ உயிரோட இருக்கிற சில நோடுகளோட ஐபியை பதிலா கொடுக்கும், அவ்வளவுதான். பின்னாடி ஒரு க்ராலர் ப்ரோக்ராம் ஓடிக்கிட்டே இருக்கும், நெட்வொர்க்ல இருக்கிற ஒவ்வொரு நோடையும் தட்டிப் பார்த்து, எது பதில் சொல்லுது, எது சரியான வெர்ஷன், எது செயின்ல, அதாவது பிளாக் வரிசையில, பின்தங்கி இருக்குனு லிஸ்ட் வச்சுக்கும். பிட்காயினுக்காக எழுதின அந்த சீடர் ப்ரோக்ராமும் ஓப்பன் சோர்ஸ்தான், ஆல்ட்காயின்கள் (பிட்காயின் தவிர மத்த காயின்கள்) நிறைய அதையே கொஞ்சம் மாத்தி ஓட்டுறாங்க. டிஎன்எஸ்சும் கைவிட்டா கடைசி துணையா சாஃப்ட்வேர்லயே எழுதி வச்ச ஒரு ஐபி லிஸ்ட் இருக்கும், அதை ஒவ்வொரு ரிலீஸுக்கும் புதுசாக்கணும், இல்லேன்னா ரெண்டு வருஷத்துல அதுல பாதி செத்துப்போன நம்பரா இருக்கும்.

இப்போ உங்க கேஸ். பேரை மாத்தினீங்க, ஆனா செயின் பாராமீட்டர் ஃபைல்ல பிட்காயினோட சீட் டொமைன்களை அப்படியே விட்டிருப்பீங்கனு ஒரு சந்தேகம். அப்படி இருந்தா உங்க நோடு பிட்காயின் நோடுகளோட கதவைத் தட்டிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு நெட்வொர்க் மெசேஜுக்கும் முன்னாடி நாலு பைட் அடையாளம் ஒண்ணு போகும், மேஜிக் பைட்ஸ்னு சொல்வாங்க, அது பொருந்தலேன்னா எதிர்ப்பக்கம் உடனே லைனை கட் பண்ணிடும். அந்த நாலு பைட்டையும் மாத்தணும், போர்ட்டையும் மாத்தணும் (பிட்காயின் 8333, லைட்காயின் 9333, அது மாதிரி உங்களுக்குனு யாரும் யூஸ் பண்ணாத ஒண்ணு). டிஎன்எஸ் பதில்ல ஐபி மட்டும்தான் வரும், போர்ட் நம்பர் வராது, அதனால உங்க நோடுகள் எல்லாரும் ஒரே டிஃபால்ட் போர்ட்ல இருந்தாதான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். நிறைய பேர் இங்கதான் முட்டிக்கிறாங்க, நோடை வேற போர்ட்ல ஓட்டிட்டு சீடர் ஏன் கண்டுக்கலனு கேப்பாங்க.

கேள்வி: சீட் நோடு (புதுசா வர்றவங்களுக்கு முதல் ஆளா நிக்கிறது) எத்தனை வேணும்? ஒரே க்ளவுட் அக்கவுண்ட்ல நாலு சர்வர் எடுத்துட்டா போதாதா?

எண்ணிக்கையை விட, அது யார் கையில இருக்குங்கிறதுதான் கேள்வி. நாலு சர்வரும் ஒரே அக்கவுண்ட்ல இருந்தா அது நாலு இல்ல, ஒண்ணு. பில் கட்ட ஒரு மாசம் மறந்தாலோ கம்பெனி பாலிசியை மாத்தினாலோ நாலும் ஒண்ணா போயிடும். இது சும்மா பயமுறுத்தல் இல்ல, 2022 நவம்பர்ல ஹெட்ஸ்னர்ங்கிற ஹோஸ்டிங் கம்பெனி தன்னோட சர்வர்கள்ல ஓடின சோலானா நெட்வொர்க்கோட வேலிடேட்டர்களை (பிளாக்கை சரிபார்த்து ஓட்டு போடுற நோடுகள்) முடக்குச்சு, மொத்த ஸ்டேக்ல (ஓட்டு பலத்துக்காக பூட்டி வச்ச காயின்) அஞ்சுல ஒரு பங்கு மாதிரி ஒரே நாள்ல ஆஃப்லைன் ஆச்சு. சோலானா பெரிய நெட்வொர்க், தாங்கிக்கிச்சு. அது மூணுல ஒரு பங்கைத் தாண்டியிருந்தா பிளாக் உறுதியாகுறதே நின்னிருக்கும். நேத்து ஆரம்பிச்ச நெட்வொர்க்கா இருந்தா? அதனால நாலு சர்வர்னா நாலு கம்பெனி, முடிஞ்சா நாலு ஆளு, சீட் டொமைன்களும் வேற வேற ரெஜிஸ்ட்ரார்ல.

இன்னொரு கணக்கு இருக்கு, அதை யாரும் போட்டுப் பாக்குறதில்ல. பிட்காயின் கோர் டிஃபால்ட்டா மொத்தம் 125 கனெக்‌ஷன் வச்சுக்கும், அதுல தானா வெளிய போய் பிடிக்கிறது பத்து (எட்டு முழு கனெக்‌ஷன், ரெண்டு பிளாக் மட்டும் வாங்குறது), மீதி வெளியிலேர்ந்து உள்ள வர்றவங்களுக்கு. வீட்டு ரௌட்டருக்குப் பின்னாடி இருக்கிற நோடு பெரும்பாலும் வெளிய போகும், உள்ள யாரையும் விடாது. உங்க நெட்வொர்க்ல கதவு திறந்திருக்கிறது அந்த நாலு சீட் நோடு மட்டும்தான்னா, வர்ற ஒவ்வொருத்தரும் நாலுலயும் ஒரு ஸ்லாட்டைப் பிடிப்பாங்க, அப்போ நூத்துப் பத்து பதினஞ்சு பேர் வந்ததுமே நாலும் ஃபுல். அதுக்கு மேல வர்றவங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற யாரையாவது கழட்டிவிட்டுதான் இடம் கொடுக்கும். ஆகவே லிமிட்டை ஏத்துங்க, அதை விட முக்கியம், போர்ட்டை எப்படி திறந்து வைக்கிறதுனு யூசர்களுக்குப் புரியிற மாதிரி ஒரு பக்கம் எழுதி வையுங்க. பத்து பேர் அதைப் பார்த்து திறந்தா நீங்க எடுக்கிற அடுத்த அஞ்சு சர்வரை விட அது மேல்.

கேள்வி: சீட் நடத்துறவரே திருடனா இருந்தா என் காயினை எடுத்துட முடியுமா?

காயினை எடுக்க முடியாது, கையெழுத்து சாவி உங்ககிட்டதான் இருக்கு. ஆனா புதுசா வர்ற நோடுக்கு தன்னோட ஆட்களோட ஐபி மட்டும் கொடுத்து அதை ஒரு பொய் உலகத்துலயே அடைச்சு வைக்கலாம், எக்லிப்ஸ் அட்டாக்னு பேரு, 2015-ல இது பத்தி முழுசா ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு. அதனாலதான் பிட்காயின்ல சீட் நடத்துறவங்களுக்கு எழுதி வச்ச விதிகளே இருக்கு, ஓடுற நோடுகளை பாரபட்சம் இல்லாம கொடுக்கணும், யார் கேட்டாங்கிற லாகை தேவைக்கு மேல வச்சுக்கக் கூடாது, இப்படி. ஒரே ஒரு சீட் வச்சிருக்கிற காயினை நான் தொட மாட்டேன்.

கேள்வி: நல்ல காயினா வரும்போல இருக்கு சார், விலை எவ்வளவு போகும்?

அடுத்த கேள்வி.

கேள்வி: லான்ச் அன்னிக்கு முதல் ஒரு வாரம் நானே மைன் பண்ணிட்டு (கம்ப்யூட்டர் பவர்ல பிளாக் செஞ்சு புது காயின் எடுத்துட்டு) அப்புறம் பப்ளிக்கா விடலாம்னு பாக்குறேன். எல்லாருமே அப்படித்தானே பண்றாங்க?

எல்லாரும் பண்றதில்ல, பண்ணவங்க பேரு இன்னும் அடிபட்டுக்கிட்டு இருக்கு. பைட்காயின் 2014-ல வெளிச்சத்துக்கு வரும்போதே மொத்த காயின்ல 80 சதவீதத்துக்கு மேல ஏற்கெனவே மைன் ஆகியிருந்துச்சு, அதைப் பார்த்து கடுப்பான ஆட்கள் அதே டெக்னாலஜியை எடுத்து பூஜ்ஜியத்துலேர்ந்து ஆரம்பிச்சதுதான் மொனேரோ. டாஷ் 2014 ஜனவரியில வந்தப்போ முதல் ரெண்டு நாள்ல கிட்டத்தட்ட 19 லட்சம் காயின் வெளிய வந்துச்சு, டிஃபிகல்ட்டி (ஒரு பிளாக் செய்யுறது எவ்வளவு கஷ்டம்ங்கிற அளவு) கோட்ல இருந்த பிழைதான் காரணம்னு சொன்னாங்க, ஆனா இத்தனை வருஷம் கழிச்சும் டாஷ்னு சொன்ன உடனே யாராவது அந்த ரெண்டு நாளை இழுப்பாங்க.

சரி, "நான் முன்னாடியே மைன் பண்ணல"னு எப்படி நிரூபிக்கிறது? இதுக்கு அழகான வழி பிட்காயின்லயே இருக்கு. செயினோட முதல் பிளாக்கான ஜெனிசிஸ் பிளாக்குள்ள 2009 ஜனவரி 3-ந் தேதி வந்த ஒரு லண்டன் பேப்பரோட தலைப்புச் செய்தியைப் பதிச்சு வச்சாங்க, அந்த பேப்பர் வர்றதுக்கு முன்னாடி அந்த பிளாக்கை செஞ்சிருக்க முடியாதுனு அர்த்தம். அந்த முதல் பிளாக்கோட 50 காயினை செலவும் பண்ண முடியாது. எத்தீரியம் இன்னும் ஒரு படி மேல போச்சு, டெஸ்ட்நெட்டோட (சோதனை நெட்வொர்க்) 1028201-வது பிளாக் வந்ததும் அதோட ஹேஷை (டேட்டாவோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) ஜெனிசிஸ்ல போடணும்னு முன்கூட்டியே அறிவிச்சாங்க, 2015 ஜூலை 30 அன்னிக்கு அந்த நம்பர் வர்ற வரைக்கும் உருவாக்கினவங்களுக்கே ஜெனிசிஸ் ஹேஷ் தெரியாது, ஒவ்வொருத்தரும் ஸ்கிரிப்டை ஓட்டி தானே ஜெனிசிஸ் ஃபைலை செஞ்சுக்கிட்டாங்க. எத்தீரியம் ஃபவுண்டேஷன்கிட்டேர்ந்து டவுன்லோடு பண்ண வேண்டிய அவசியமே இல்ல. ஆரம்பத்துல பிளாக்குக்கு 5000 கேஸ் (ட்ரான்சாக்‌ஷன் வேலையை அளக்கிற அலகு) மட்டும்னு வேற கட்டி வச்சாங்க, மைனர்களும் நோடுகளும் செட் ஆகுற வரைக்கும் ட்ரான்சாக்‌ஷன் எதுவும் போக முடியாத மாதிரி. நீங்களும் தேதியையும் நேரத்தையும் முன்னாடியே சொல்லுங்க, பைனரியை (ஓட்டத் தயாரான சாஃப்ட்வேர் ஃபைல்) ரெண்டு மூணு நாள் முன்னாடியே கொடுங்க, மைனிங் பூல் (மைனர்கள் சேர்ந்து மைன் பண்ற கூட்டு) சாஃப்ட்வேரும் அன்னிக்கு ரெடியா இருக்கட்டும். உங்களுக்குனு பங்கு வேணும்னா ஜெனிசிஸ்லயே எழுதி எல்லாரும் பாக்குற மாதிரி வையுங்க. ஒளிச்சு எடுக்கிற 2 சதவீதத்தை விட எழுதி வச்ச 10 சதவீதத்துக்கு திட்டு கம்மி.

கேள்வி: என் காயின்ல ஹேஷ்ரேட் (மொத்த மைனிங் பவர்) ரொம்ப கம்மி. யாராவது வாடகைக்கு மெஷின் எடுத்து அடிச்சிடுவாங்களோனு பயமா இருக்கு.

பயம் நியாயம்தான். பாதிக்கு மேல பவர் வச்சிருக்கிறவன் பழைய பிளாக்கை மாத்தி எழுதி, செலவு பண்ண காயினையே திரும்ப செலவு பண்ணலாம். ப்ரூஃப் ஆஃப் வொர்க்ல (மைனிங்கை வச்சு ஓடுற முறை) உங்க அல்காரிதமை வேற பெரிய காயினும் யூஸ் பண்ணுச்சுன்னா அந்த மெஷின்கள்ல ஒரு சின்ன பங்கு உங்க பக்கம் திரும்பினாலே கதை முடிஞ்சது. 2012 ஜனவரியில காயில்டுகாயின்னு ஒண்ணு வந்த வேகத்துலயே செத்துச்சு, ஒரு பிட்காயின் பூலோட பவரை அதும்மேல திருப்பிட்டாங்க. பிட்காயின் கோல்டு 2018 மே மாசத்துல அடி வாங்கி எக்ஸ்சேஞ்சுகளுக்கு சுமார் 1.8 கோடி டாலர் போச்சு. எத்தீரியம் க்ளாசிக் 2020 ஆகஸ்ட்ல மட்டும் மூணு தடவை, ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்கான பிளாக்கை பின்னாடி இழுத்துட்டு போச்சு.

இதோட கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற இன்னொரு நோய் டிஃபிகல்ட்டி. பிட்காயின் ரூலை அப்படியே வச்சீங்கன்னா 2016 பிளாக்குக்கு ஒரு தடவைதான் டிஃபிகல்ட்டி மாறும். லாபம் பார்த்து ஒரு பெரிய மைனர் வர்றான், டிஃபிகல்ட்டி ஏறுது, ஏறின உடனே கிளம்பிடுறான். ஹேஷ்ரேட் பத்துல ஒண்ணா குறைஞ்சா பத்து நிமிஷ பிளாக் நூறு நிமிஷம் ஆகும், 2016 பிளாக் முடிய 140 நாள். அது வரைக்கும் யாரு காத்திருப்பாங்க, நெட்வொர்க் உறைஞ்சு போயிடும். அதனாலதான் டோஜ்காயின் 2014-ல ஒவ்வொரு பிளாக்குக்கும் டிஃபிகல்ட்டியை சரி பண்ற முறைக்கு மாறுச்சு, பிட்காயின் கேஷும் 2017 நவம்பர்ல தன்னோட முறையை மாத்துச்சு. சின்ன நெட்வொர்க்குன்னா ஒவ்வொரு பிளாக்குக்கும் மாறுற அல்காரிதமை லான்சுக்கு முன்னாடியே போட்டுடுங்க, பின்னாடி மாத்துறதுனா ஹார்டு ஃபோர்க், எல்லாரையும் அப்டேட் பண்ண வைக்கணும்.

அட்டாக்குக்கு டோஜ்காயின் எடுத்த வழி மெர்ஜ் மைனிங், 2014 செப்டம்பர்லேர்ந்து லைட்காயின் மைனர்கள் அதே வேலையில டோஜையும் சேர்த்து மைன் பண்றாங்க. நல்ல வழிதான், ஆனா முதல் நாள்லேர்ந்தே மெர்ஜ் மைனிங் வச்சா பெரிய காயினோட ஒரு பூல் நினைச்சாலே உங்களை முடிச்சுடலாம், காயில்டுகாயினுக்கு நடந்தது அதேதான். சென்ட்ரலா செக்பாயிண்ட் (இந்த பிளாக் வரைக்கும் யாரும் மாத்த முடியாதுங்கிற முத்திரை) போட்டு காப்பாத்துறது இன்னொரு வழி, பியர்காயின் ஆரம்ப காலத்துல அப்படி வச்சிருந்துச்சு. அப்போ எந்த செயின் உண்மைனு சொல்றது ஒரே ஒரு சாவி வச்சிருக்கிற ஆளு. ஒரு வருஷத்துக்கு வச்சுக்கறேன், அப்புறம் எடுத்துடறேன்னு தேதி போட்டு சொன்னா ஒத்துக்கலாம். தேதி இல்லாம வச்சா அது வெறும் டேட்டாபேஸ்.

கேள்வி: இவ்வளவு தலைவலிக்கு ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்ல (மைனிங் இல்லாம ஸ்டேக்கை வச்சு ஓடுற முறை) காஸ்மாஸ் எஸ்டிகேங்கிற ரெடிமேட் கோட் மாதிரி எதையாவது எடுத்தா சுலபம் இல்லையா?

மைனிங் தலைவலி போகும், வேற தலைவலி வரும். அங்க ஜெனிசிஸ் ஃபைல்தான் எல்லாம், ஒவ்வொரு வேலிடேட்டரும் தன்னோட கையெழுத்துப் போட்ட ஒரு ட்ரான்சாக்‌ஷனைக் கொடுப்பாங்க, எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல சேர்த்து, எல்லாரும் ஒரே ஹேஷ் வருதானு பார்த்து, சொன்ன நேரத்துக்கு ஆன் பண்ணணும். ஓட்டு பலத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஆன்லைன் வந்தாதான் முதல் பிளாக்கே வரும். லான்ச் ராத்திரி யார் யார் தூங்கிட்டாங்கனு ஃபோன் போட்டு எழுப்புறதெல்லாம் இதுல சகஜம். நிக்கிற நெட்வொர்க்கை திரும்ப ஓட வைக்கவும் அதே கதைதான், 2021 செப்டம்பர்ல சோலானா 17 மணி நேரம் போல நின்னப்போ 80 சதவீத ஸ்டேக் ஒரே ஸ்நாப்ஷாட்டுக்கு (செயினோட ஒரு நேரத்து நிலையோட காப்பி) ஒத்துக்கிட்டு வந்தாதான் ரீஸ்டார்ட். அதனால வேலிடேட்டர்களை அவசரத்துக்கு எங்க கூப்பிடறது, யார் எந்த ஸ்நாப்ஷாட் ஹேஷை அறிவிப்பாங்க, அதெல்லாம் லான்சுக்கு முன்னாடியே எழுதி வச்சிடணும்.

கேள்வி: பிளாக் எக்ஸ்ப்ளோரர் (செயின்ல இருக்கிறதைக் காட்டுற வெப்சைட்) அவசியமா? நோடுலயே எல்லாம் பாக்கலாமே.

நீங்க பாக்கலாம், வாலட் மட்டும் வச்சிருக்கிறவர் எப்படி பாப்பாரு? "பணம் அனுப்பிட்டேன், வந்துச்சா பாருங்க"னு ஒரு லிங்க் கொடுக்க முடியாத நெட்வொர்க்கை எக்ஸ்சேஞ்சும் சேர்க்காது, ஆளுங்களும் நம்ப மாட்டாங்க. பிட்காயினுக்கே 2010 கடைசியில எக்ஸ்ப்ளோரர் வந்துடுச்சு. பிட்காயின் ஃபோர்க்னா இக்விடஸ், எத்தீரியம் மாதிரின்னா பிளாக்ஸ்கவுட், ரெண்டும் ஓப்பன் சோர்ஸ். பின்னாடி ஓடுற நோடுல ட்ரான்சாக்‌ஷன் இண்டெக்ஸை ஆன் பண்ணி வைக்கணும், ப்ரூனிங் (பழைய பிளாக்கை அழிக்கிறது) கூடாது. ரெண்டு எக்ஸ்ப்ளோரர் இருக்கணும்னு நான் எப்பவும் சொல்வேன், ரெண்டாவதை நீங்க ஓட்டக் கூடாது. செயின் ரெண்டா பிரிஞ்சு நின்னா உங்க எக்ஸ்ப்ளோரர் எந்தப் பக்கம் காட்டுதோ அதுதான் உண்மைனு எல்லாரும் எடுத்துப்பாங்க, அந்த அதிகாரம் ஒருத்தர் கையில இருக்க வேண்டாம்.

கேள்வி: வாலட் ஆப்ல அட்ரஸ் பிட்காயின் மாதிரியே 1-ல ஆரம்பிக்குது. பரவாயில்லையா?

பரவா இருக்கு! அட்ரஸோட முதல் பைட்டை உடனே மாத்துங்க. லைட்காயின் இதுல பட்ட பாடு ஒரு பாடமே போடலாம், அதோட சாதாரண அட்ரஸ் எல்-ல ஆரம்பிச்சாலும் மல்டிசிக் (பல பேர் கையெழுத்து) வகை அட்ரஸ் பிட்காயின் மாதிரியே 3-ல ஆரம்பிச்சுச்சு. ஒரு காயினை இன்னொரு காயின் அட்ரஸுக்கு அனுப்பினா வாலட் தடுக்கவே இல்ல, அனுப்பிட்டு உக்காந்து அழுதவங்க நிறைய. அப்புறம்தான் அதை எம்-ல ஆரம்பிக்கிற மாதிரி மாத்தினாங்க. பிட்காயின் கேஷும் 2017-ல பிரிஞ்சப்போ அதே அட்ரஸ் வடிவத்தோட வந்துச்சு, 2018 ஜனவரியில புது வடிவம் கொண்டு வந்தாங்க. நடந்த குழப்பம் நடந்ததுதான்.

அட்ரஸோட சேர்த்து இன்னும் ரெண்டு நம்பர் இருக்கு. ஹெச்டி வாலட்டுக்கு (ஒரே ரகசியத்துலேர்ந்து எல்லா அட்ரஸையும் செய்யுறது) காயின் டைப் நம்பர், பிட்காயின் 0, லைட்காயின் 2, டோஜ் 3, எத்தீரியம் 60, இந்த லிஸ்டை சடோஷிலேப்ஸ் ஆட்கள் கிட்ஹப்ல பராமரிக்கிறாங்க, அதுல உங்களுக்கு ஒண்ணு வாங்கிடுங்க, இல்லேன்னா ஒவ்வொரு வாலட்டும் ஒவ்வொரு நம்பர் போட்டு, ஒரே சீட் ஃப்ரேஸ்ல (வாலட்டை மீட்கிற வார்த்தை வரிசை) ஒரு வாலட்ல காசு தெரியும், இன்னொண்ணுல ஜீரோ காட்டும், அன்னிக்கு உங்க சப்போர்ட் இன்பாக்ஸ் நிரம்பும். எத்தீரியம் வகை செயின்னா செயின் ஐடி, அதாவது ட்ரான்சாக்‌ஷன் எந்த செயினுக்குனு சொல்ற நம்பர். 2016 ஜூலையில எத்தீரியமும் க்ளாசிக்கும் பிரிஞ்சப்போ செயின் ஐடிங்கிற ஏற்பாடே கிடையாது, ஒரு பக்கம் போட்ட ட்ரான்சாக்‌ஷனை யார் வேணா எடுத்து இன்னொரு பக்கமும் ஓட்டலாம், எக்ஸ்சேஞ்சுகளே அதுல காயின் இழந்துச்சு. இப்போ எத்தீரியம் 1, க்ளாசிக் 61. நீங்க ஏற்கெனவே இருக்கிற ஒரு ஐடியை எடுத்துட்டீங்கன்னா அந்தப் பழைய கூத்து திரும்ப நடக்கும்.

கேள்வி: வாலட் ஆப் பேசறதுக்கு என் நோடோட ஆர்பிசி போர்ட்டை (நோடுக்கு கமாண்ட் அனுப்புற வழி) பப்ளிக்கா திறந்துட்டேன். பாஸ்வேர்டு வச்சிருக்கேன், ஓகேதானே?

மூடுங்க. இதைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி போய் மூடிட்டு வாங்க. அந்த போர்ட் நோடோட சொந்தக்காரருக்கு, அதுல வாலட் கமாண்டும் இருக்கும், நோடை நிறுத்துற கமாண்டும் இருக்கும். 2018-ல எத்தீரியம் நோடுகளோட 8545 போர்ட்டை இன்டர்நெட் முழுக்க தேடித் தேடி, திறந்து கிடந்த வாலட்லேர்ந்து கோடிக்கணக்கான டாலர் அடிச்சுட்டுப் போனாங்க. பப்ளிக்குக்கு கொடுக்கிற நோடுல வாலட்டே இருக்கக் கூடாது, முன்னாடி ஒரு ப்ராக்சி (நடுவுல நின்னு வடிகட்டுற சர்வர்), அதுல படிக்கிறதுக்கும் ட்ரான்சாக்‌ஷன் அனுப்பறதுக்கும் தேவையான நாலஞ்சு கமாண்டுக்கு மட்டும் அனுமதி, ஒரு ஐபிக்கு இவ்வளவுதான்னு லிமிட். பிட்காயின் ஃபோர்க்னா எலெக்ட்ரம் வாலட்டுக்கான எலெக்ட்ரம்எக்ஸ் சர்வர் வழியா கொடுக்கிறது இன்னும் நல்லது. அதுலயும் ஒரு கண்ணு வேணும், 2018 டிசம்பர்ல திருட்டு எலெக்ட்ரம் சர்வர்கள் எரர் மெசேஜ்ல "அப்டேட் பண்ணுங்க"னு போலி லிங்க் அனுப்பி 200 பிட்காயினுக்கு மேல சுருட்டுச்சு, சர்வர் அனுப்புறதை வாலட் அப்படியே ஸ்கிரீன்ல காட்டினதுதான் ஓட்டை.

அப்புறம் எல்லா ஆப்பும் உங்க ஒரே ஆர்பிசி அட்ரஸை நம்பி இருக்க விடாதீங்க. 2020 நவம்பர் 11 அன்னிக்கு இன்ஃபுரா (ஆப்களுக்கு ஆர்பிசி கொடுக்கிற கம்பெனி) பழைய கெத் (எத்தீரியம் நோடு சாஃப்ட்வேர்) வெர்ஷன்ல ஓடினதால தவறான செயின்ல மாட்டிக்கிச்சு, எத்தீரியம் பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா வாலட்டுகள் வேலை செய்யல, பைனான்ஸ் மாதிரி பெரிய எக்ஸ்சேஞ்ச் கூட காயினை வெளிய எடுக்கிறதை நிறுத்தி வச்சாங்க. பார்த்தவங்களுக்கு எத்தீரியமே நின்ன மாதிரிதான்.

கேள்வி: டவுன்லோடு பக்கத்துல பைனரியைப் போட்டா போதும்தானே, செக்சம் (ஃபைலோட ஹேஷ்) எல்லாம் யார் பாக்குறாங்க?

ஒருத்தர் பார்த்தா போதும். 2019 நவம்பர்ல மொனேரோவோட அதிகாரப்பூர்வ சைட்லயே பைனரியை மாத்தி வச்சுட்டாங்க, திருட்டு கோட் உள்ள இருந்துச்சு. அது எப்படி வெளிய வந்துச்சு தெரியுமா, ஒரு யூசர் ஹேஷைப் பார்த்தாரு, பொருந்தல, கேள்வி கேட்டாரு. 2017-ல பிட்காயின் கோல்டு லான்ச் ஆன சமயத்துலயும் விண்டோஸ் டவுன்லோடு ஃபைலை யாரோ மாத்தியிருந்தாங்க, புது காயின் வர்ற வாரம்தான் திருடனுக்கும் சீசன். பைனரிக்கு கையெழுத்துப் போடுற சாவியை சைட் சர்வர்ல வைக்காதீங்க. முடிஞ்சா ரீப்ரொட்யூசிபிள் பில்டு, அதாவது வேற வேற ஆட்கள் தங்கள் மெஷின்ல கம்பைல் பண்ணா ஒவ்வொரு பைட்டும் ஒண்ணா வரணும், பிட்காயின் கோர் 22.0-லேர்ந்து குயிக்ஸ்ங்கிற டூலை வச்சு இதைப் பண்றாங்க, ஒவ்வொருத்தரும் தனித்தனியா கையெழுத்துப் போடுறாங்க.

கேள்வி: டெஸ்ட்நெட், ஃபாசெட் (இலவசமா காயின் கொடுக்கிற சைட்) எல்லாம் தேவையா?

டெஸ்ட்நெட் கண்டிப்பா, மெயின்நெட்டுக்கு முன்னாடியே ஓடணும், அதுக்கும் தனி மேஜிக் பைட், தனி போர்ட், தனி சீட். டெஸ்ட்நெட்ல 20 நிமிஷம் பிளாக் வரலேன்னா டிஃபிகல்ட்டி அடிமட்டத்துக்கு இறங்கும்னு பிட்காயின்ல ஒரு ரூல் இருந்துச்சு, அதையே வச்சு பிளாக்கை மழை மாதிரி கொட்டினாங்க, அதனால 2024-ல டெஸ்ட்நெட்4 வந்துச்சு. உங்களுக்கு சிக்நெட் மாதிரி, கையெழுத்து இருந்தாதான் பிளாக் செல்லும்ங்கிற ஏற்பாடே போதும், நிம்மதி. ஃபாசெட் பத்தி சொல்லணும்னா, 2010-ல முதல் பிட்காயின் ஃபாசெட் வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு 5 பிட்காயின் கொடுத்துச்சு, நிஜ பிட்காயின்! டெஸ்ட்நெட் ஃபாசெட்ல லிமிட் போட மறந்தீங்கன்னா ஒரே ராத்திரியில ஸ்கிரிப்ட் போட்டு காலி பண்ணிடுவாங்க.

கேள்வி: எப்போ என் சர்வர்களை நிறுத்தலாம்? மாசா மாசம் காசு போகுது.

இந்தக் கேள்வியை லான்சுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், ஆனா கேட்டதே சந்தோஷம். ஒரு நாள் முன்கூட்டியே அறிவிச்சுட்டு உங்க பேர்ல இருக்கிற சீட் நோடு, டிஎன்எஸ் சீட், எக்ஸ்ப்ளோரர், ஆர்பிசி, பூல் எல்லாத்தையும் 24 மணி நேரம் ஆஃப் பண்ணுங்க. ஒரு புது மெஷின்ல, பழைய டேட்டா எதுவும் இல்லாம, சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. அது ஆளைக் கண்டுபிடிச்சு, ஜெனிசிஸ்லேர்ந்து கடைசி பிளாக் வரைக்கும் சிங்க் ஆகி, ஒரு ட்ரான்சாக்‌ஷன் போட்டா உள்ள போச்சுன்னா பாதி சர்வரை நிறுத்தலாம். எங்க நிக்குதோ அதுதான் இன்னும் உங்க தலையில இருக்கிற பாகம், அதை எடுத்து நடத்த ஆளைத் தேடுங்க, காயின்ல ஒரு சின்ன பங்கை அதுக்குனு ஜெனிசிஸ்ல ஒதுக்கி வச்சிருந்தீங்கன்னா ஆள் கிடைக்கும், ஒதுக்கலேன்னா கெஞ்சிதான் கேக்கணும். எதை நிறுத்தினாலும் சீட் டொமைனை மட்டும் விட்டுடாதீங்க, பழைய வெர்ஷன்ல அந்தப் பேரு இருக்கும், காலாவதியாகி வேற எவனாவது வாங்கினா உங்க நெட்வொர்க்குக்கு புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் அவன்தான் முதல்ல பாப்பான். பத்து வருஷத்துக்கு ரினியூ பண்ணி வையுங்க.